சந்தியாவுக்கு எத்தனை ஸ்டார்

கேன்டீனில் சாம்பார் நீர்த்துப் போனாலும் சரி, முதுநகர் ரயில்வே கேட் மூடியே கிடந்தாலும் சரி, கொளஞ்சியிடம் அதைப் பற்றி ஒரு கருத்து இருக்கும். யாரும் கேட்க வேண்டியதில்லை. கேட்காவிட்டால் கொஞ்சம் நீளமாக வரும், அவ்வளவுதான்.

கம்மாபுரத்துப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, ஐடிஐ முடித்து, கடலூர் சிப்காட்டில் கோரல் கலர்ஸ் என்ற சாயத்தூள் கம்பெனியின் பாய்லர் செக்‌ஷனில் சேர்ந்தவர். இப்போது ஐம்பத்தாறு வயது. ஷிஃப்ட் சூப்பர்வைசர். முதுநகரில் சொந்த வீடு, பவானி என்ற மனைவி, புதுச்சேரியில் கட்டிக்கொடுத்த ஒரு மகள். அடர்த்தியான மீசை. பாய்லர் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிப் பழகிய குரல். அந்தக் குரலில் அவர் ரகசியம் சொன்னால் அடுத்த செக்‌ஷனில் தலையாட்டுவார்கள்.

கோரல் கலர்ஸில் பி.எஃப். தவிர இன்னொரு பிடித்தமும் உண்டு. மாதாமாதம் சம்பளத்தில் கொஞ்சம் எடுத்து, கம்பெனி தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்து, வெளியே ஒரு பென்ஷன் நிறுவனத்திடம் கொடுத்துவிடும். ஓய்வு பெறும்போது ஒரு பகுதி மொத்தமாகக் கைக்கு வரும். மீதி, ஆயுசு இருக்கும்வரை மாதப் பென்ஷன். ரொம்ப காலம் இதை ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸ் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே ஒரு கிளார்க் இருந்தார். எப்போதும் சிடுசிடுவென்றுதான் பேசுவார். ஆனால் இருந்தார்.

சில வருடங்களுக்கு முன் நிர்வாகம் அந்தக் கணக்கை மொத்தமாகத் தூக்கி மும்பையில் இருக்கும் ஸ்வர்ணசந்த்யா பென்ஷன் சர்வீசஸ் என்ற நிறுவனத்திடம் கொடுத்தது. ஏன் என்று கேட்டவர்களுக்கு ‘டிஜிட்டல்’ என்று பதில் வந்தது. மேலும் கேட்டவர்களுக்கு இலவச டிபன் பாக்ஸ் வந்தது. ஸ்வர்ணசந்த்யா என்ற பெயரைப் பாதி நாக்குகளால் முழுசாகச் சொல்ல முடியவில்லை. ஒரே வாரத்தில் அது சந்தியா ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு கேன்டீனில் சந்தியாவைத் திட்டாமல் யாருக்கும் சோறு இறங்கியதில்லை. ஆப் திறக்காது. திறந்தால் ஓ.டி.பி. வராது. வந்தால் அதற்குள் ஆப் மூடிக்கொள்ளும். போன் செய்தால் இனிமையான ஒரு குரல், உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டுவிடும். ஒரு நாள் காலையில் கொளஞ்சி வீட்டு வாசலில் நின்று போனைக் குத்திக்கொண்டே, “சந்தியா இன்னிக்கும் மொகங்குடுத்துப் பேச மாட்டேங்கறா” என்று முனகியதைப் பவானி கேட்டுவிட்டாள்.

“யாரது?”

“பென்ஷன்.”

“பென்ஷனுக்கு இன்னாத்துக்குப் பொம்பள பேரு?”

கொளஞ்சி விளக்கினார். பவானி நம்பின மாதிரி தலையாட்டினாள். நம்பினாளா என்பது வேறு விஷயம்.

இப்படி இருக்கும்போதுதான் கருத்துக் கணிப்பு வந்தது. மனிதவளப் பிரிவு அதிகாரி சிந்துஜா கேன்டீனில் மைக் பிடித்து, நம் ஓய்வுக்கால நிதியைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனத்தைப் பற்றி ஊழியர்கள் மனதில் பட்டதைச் சொல்லலாம் என்று அறிவித்தாள். கை கழுவும் இடத்தில் ஒட்டியிருக்கும் சதுரத்தைப் போனால் ஸ்கேன் செய்து ஸ்டார் போட வேண்டும். ஒன்றிலிருந்து ஐந்து வரை. “பேர் வராது. கருத்து ரகசியமா இருக்கும். தைரியமா சொல்லுங்க” என்றாள். ஸ்கேன் செய்தவுடன் முதல் கட்டத்தில் ஊழியர் எண்ணைக் கேட்டது.

கொளஞ்சிக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக யாரோ கருத்துக் கேட்கிறார்கள். சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்தார். ஒரு ஸ்டார் போட்டார். ஏன் என்று கேட்ட கட்டத்தில் தமிழிலேயே அடித்தார்: ‘ஆப் திறப்பதில்லை. திறந்தால் எதுவும் தெரிவதில்லை. தெரிந்தால் புரிவதில்லை. போனில் பேசுகிறவரின் பெயர் ஒவ்வொரு தடவையும் மாறுகிறது, பதில் மட்டும் மாறவில்லை. பழைய கிளார்க் திட்டுவார், வேலையை முடித்துக் கொடுப்பார். இவர்கள் திட்டுவதும் இல்லை.’ ஒரு தடவை படித்துப் பார்த்தார். திருப்தியாக இருந்தது. அனுப்பிவிட்டு இன்னொரு கரண்டி மோர் வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் நோட்டீஸ் போர்டில் முடிவு வந்தது. கைதட்டும் படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில்: ஐந்துக்கு நாலு புள்ளி ஒன்பது.

கொளஞ்சி கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மேஜை மேஜையாகப் போய் விசாரித்தார். சந்தியாவை நாலு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டியவன் ஐந்து போட்டிருந்தான். அவளால் மகள் கல்யாணத்துக்குப் பணம் எடுக்க முடியாமல் போனது என்று கண்ணீர் விட்டவர் ஐந்து போட்டிருந்தார். கடைசியில் சங்கச் செயலாளர் அருள்முருகனிடம் வந்தார். அருள்முருகன் கொளஞ்சியை விட இளையவன். கேட் மீட்டிங்கில் பேசினால் கேட்டே அதிரும்.

“நீ எத்தன போட்ட?”

“அஞ்சு மாமா.”

“நேத்து வரைக்கும் சந்தியாவ ஊர விட்டே தொரத்தணும்ன?”

“தொரத்தறது வேற மாமா, ஸ்டார் போடறது வேற. நாலு போட்டா ஏன் ஒண்ணு கொறச்சன்னு ஒரு கட்டம் தெறக்குது. அதுல எழுதணும். எழுதுனா ஏதாச்சும் ஆதாரம் இருக்கான்னு இன்னொரு கட்டம் தெறக்குது. அஞ்சு போட்டா நன்றின்னு சொல்லி உட்டுடுது. டூட்டிக்கு லேட்டாயிடுச்சி.”

அன்று மாலையே கொளஞ்சிக்கு மனிதவளப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது.

உள்ளே சிந்துஜாவோடு இன்னொருவரும் உட்கார்ந்திருந்தார். நீலச் சட்டை, சட்டையில் மஞ்சள் சூரியன் பேட்ஜ். ஸ்வர்ணசந்த்யாவின் மண்டல மேலாளர் ராஜ்கமல். புதுச்சேரியில் ஆபீஸ்.

“அந்தக் கருத்த யார் எழுதுனதுன்னு எங்களுக்குத் தெரியாது சார்” என்று சிந்துஜா ஆரம்பித்தாள். “ரகசியம். பாய்லர் செக்‌ஷன், முப்பது வருஷத்துக்கு மேல சர்வீஸ், தமிழ்ல எழுதியிருக்காங்க. அவ்வளவுதான் எங்களுக்கு வந்துச்சு.”

பாய்லர் செக்‌ஷனில் முப்பது வருடத்துக்கு மேல் சர்வீஸ் உள்ளவர் ஒருவர்தான். மற்றவர்களெல்லாம் கான்ட்ராக்ட். கொளஞ்சி மெமோவை எதிர்பார்த்து நின்றார். என்ன கேட்டாலும் என்ன சொல்வது என்று மனசுக்குள் அடுக்கியும் வைத்துவிட்டார். ஆனால் ராஜ்கமல் எழுந்து வந்து அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“சார், உங்கள மாதிரி ஒருத்தரத்தான் தேடிக்கிட்டிருந்தோம் சார். எல்லாரும் நல்லாருக்குன்னு சொன்னா எங்களுக்கு எப்படி சார் வளர்ச்சி? உங்க கொரல் எங்களுக்கு வேணும் சார்.”

கொளஞ்சி அடுக்கி வைத்ததெல்லாம் சரிந்துபோயிற்று. திட்டினால் திருப்பித் திட்டத் தெரியும். பாராட்டினால் என்ன செய்வது என்று அவருக்கு யாரும் பழக்கவில்லை. காபி வந்தது, பிஸ்கட்டோடு. அரை மணி நேரத்தில் அவர் ஸ்வர்ணசந்த்யாவின் ‘உறுப்பினர் தூதர்’ ஆகிவிட்டார். சம்பளம் கிடையாது. விசிட்டிங் கார்டு உண்டு. ஒரு போட்டோ மட்டும் எடுக்க வேண்டும், ஆபீஸ் புத்தகத்துக்கு என்றார்கள். நீட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டார்.

போட்டோ எடுக்கப் பிச்சாவரத்துக்குக் கூட்டிப்போனார்கள். அன்று பவானி தன் அக்கா மகள் வளைகாப்புக்குத் திட்டக்குடி போயிருந்தாள். படகில் ஏறும்போதுதான், பக்கத்தில் உட்கார ஓர் அம்மாளைக் கொண்டுவந்திருப்பது தெரிந்தது. புதுச்சேரிக்காரர், பட்டுப்புடவை, அளவாக நரைத்த தலை. “பயப்படாதீங்க, தோள்மேல லேசாத்தான் சாய்வேன்” என்றார் அந்த அம்மாள். “போன வாரம் ஒரு ஆஸ்பத்திரி விளம்பரத்துல வேற வீட்டுக்காரர். அவருக்கு முட்டி ஆபரேஷன்.” கொளஞ்சியின் முகத்தில் மாவு மாதிரி எதையோ பூசினார்கள். மீசைக்கும் தலைக்கும் மை தடவினார்கள். தூரத்தில் தெரியும் எதிர்காலத்தைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னார்கள். அந்தத் திசையில் ஒரு கொக்கு நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்துச் சிரித்தார்.

ஒரு மாதம் கழித்துச் சிதம்பரத்திலிருந்து கோவிந்தசாமி போன் செய்தார். கோவிந்தசாமி பாய்லர் செக்‌ஷனில் கொளஞ்சியோடு இருபது வருடம் ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்து, முந்தின வருடம் ஓய்வு பெற்றுச் சொந்த ஊரான சிதம்பரத்துக்குப் போனவர். ஒருவருக்கொருவர் மச்சான்.

“மச்சான், நீ எப்ப ரிட்டயர் ஆன?”

“நான் எங்க ஆனேன்?”

“பஸ் ஸ்டாண்டாண்ட ஆகாசத்துல ஒக்காந்துகிட்டு இருக்கியே. ‘ஓய்வு இனிது, ஸ்வர்ணசந்த்யாவோடு’ன்னு எழுதியிருக்கான். பக்கத்துல இருக்கறது யாரு, சந்தியாவா?”

பேனர் என்றால் சின்னதில்லை. இரண்டு மாடி உயரம். தகவல் தெரிந்ததும் அதைப் பவானியிடம் எப்படிச் சொல்வது என்று கொளஞ்சி இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் பவானி பக்கத்து வீட்டம்மாளோடு கோவிலுக்கென்று சிதம்பரம் போய்விட்டு வந்தாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

“சந்தியாவப் பாத்துட்டு வந்தேன். நல்லா லட்சணமாத்தான் இருக்கா.”

அதன் பிறகு ஒரு வாரம் சோறு வந்தது, குழம்பு வந்தது, பேச்சு வரவில்லை. எட்டாம் நாள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது அவளாகவே சொன்னாள். “ஒரு தடவ படகுல போவணும்னு எனக்கும் ஆசதான். ஒரு வார்த்த சொல்லியிருந்தா வளைகாப்ப உட்டுட்டு வந்திருப்பேன்.” கொளஞ்சி அவள் மடித்து வைத்த துண்டையே எடுத்து மறுபடி மடித்தார்.

வீட்டில் அப்படி. வெளியில் வேறு மாதிரி. பஸ்ஸில் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். டீக்கடையில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். கொளஞ்சி தினமும் சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்தார். கேன்டீனில் யாராவது சந்தியாவைத் திட்டினால் அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, “அப்பிடிச் சொல்லாத. அவுங்க பக்கத்துலயும் சிஸ்டம் அப்கிரேடு நடக்குது” என்றார். சிஸ்டம் என்றால் என்ன, அது எங்கே ஏறுகிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விசிட்டிங் கார்டைக் காட்டியிருப்பார். ஒரே ஒரு ஸ்டார் போட்ட மனிதரின் கருத்து, ஒரு படகுச் சவாரியில் கரை மாறிவிட்டது. சந்தியாவுக்கு இதில் செலவு ஒரு டப்பா முகப்பூச்சு.

வருடம் முடிந்தபோது கோவிந்தசாமிக்குச் சிக்கல் வந்தது. பென்ஷன் வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒரு தடவை தாங்கள் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். பழைய ஆபீசில் போய் நின்றால் போதும், கிளார்க் தலையைத் தூக்கிப் பார்த்து, “இன்னும் இருக்கியா?” என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவார். சந்தியா டிஜிட்டல். போனை முகத்துக்கு நேராகப் பிடித்து, கண்ணைச் சிமிட்ட வேண்டும். கம்பெனியில் கொடுத்த பழைய போட்டோவோடு முகம் ஒத்துப்போனால் ஆள் உயிரோடு இருக்கிறார்.

கோவிந்தசாமி ஓய்வு பெற்றதும் வேண்டுதலை நிறைவேற்றத் திருப்பதி போய் மொட்டை போட்டு, மீசையையும் எடுத்திருந்தார். அப்படியே இருந்தால் வயது குறைவாகத் தெரிகிறது என்று யாரோ சொல்லிவிட்டதால் மீசையை மறுபடி வைக்கவில்லை. ஆப் அவரைப் பார்த்தது. ‘முகம் பொருந்தவில்லை’ என்றது. பதினைந்து தடவை சிமிட்டினார். கண் வலித்ததுதான் மிச்சம். போனில் பேசிய இனிமையான குரல், “மீசை வளர்ந்ததும் மீண்டும் முயற்சி செய்யுங்கள்” என்று ஆலோசனை சொன்னது. வளர்த்தார். வெள்ளையாக வளர்ந்தது. பொருந்தவில்லை. மை அடித்தார். அப்போதும் பொருந்தவில்லை. அந்த மாதம் பென்ஷன் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை.

கொளஞ்சிக்குப் போன் செய்தார்.

“பிராசஸ்ல இருக்கும் மச்சான்” என்றார் கொளஞ்சி. “கொஞ்சம் பொறுமையா இரு. ஒன் வெரிஃபிகேஷன் அவுங்களுக்கு ரொம்ப முக்கியம்.”

கோவிந்தசாமி நிதானமாகச் சொன்னார். “மச்சான், நீ பேசறது அந்த போன் பொண்ணு பேசற மாதிரியே இருக்குது. பாட்டு மட்டுந்தான் இன்னும் போடல.”

போனை வைத்த பிறகு கொளஞ்சி கண்ணாடி முன்னால் போய் நின்று தன் இஸ்திரிச் சட்டையைப் பார்த்தார். கோவிந்தசாமியும் அவரும் எத்தனை ஷிஃப்ட் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டிருப்பார்கள் என்று கணக்கே கிடையாது. நீராவிக் குழாய் வெடித்த அன்று இவரை இடுப்பில் கட்டிப்பிடித்து வெளியே இழுத்துப் போட்டது அந்த ஆள்தான். அவரிடம் போய், அவுங்களுக்கு ரொம்ப முக்கியம் என்று சொல்லியாயிற்று. அன்று மாலை முழுக்க அந்த வார்த்தை அவர் வாயில் கசந்தது.

அடுத்த லீவு நாளில் சிதம்பரத்துக்கு பஸ் ஏறினார். விசிட்டிங் கார்டில் ‘சிதம்பரம் சேவை மையம்’ என்று ஒரு முகவரி இருந்தது. கோவிந்தசாமியைக் கூட்டிக்கொண்டு விசாரித்து விசாரித்துப் போனால், மேலவீதிப் பக்கம் ஒரு சந்தில் ஜெராக்ஸ் கடை. கடைக்குள் ஜெராக்ஸ் மிஷினைத் தாண்டி ஒரு மேஜை. மேஜையில் ஒரு டேப்லெட். அதற்குப் பின்னால் கயல்விழி என்ற பெண். மேஜைக்கு எதிர்ச் சுவரில் கொளஞ்சி, படகில்.

கயல்விழிக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. சுவரில் இருந்தவருக்கு முடி கறுப்பு, கன்னம் வழவழப்பு, வயது நாற்பத்தைந்துக்குள். எதிரே நின்றவருக்கு இதில் எதுவும் இல்லை. கொளஞ்சி தன் விசிட்டிங் கார்டை நீட்டினார். அவள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “ஜெராக்ஸ் எத்தன காப்பி அங்கிள்?” என்றாள்.

விஷயத்தைச் சொன்னதும் அவளும் உள்ளதைச் சொல்லிவிட்டாள். “எனக்கு இதுல எந்த அதிகாரமும் இல்ல அங்கிள். புதுசா ஆள் சேத்து விட்டா கமிஷன். இருக்கறவங்க வந்தா இந்த டேப்லெட்ல காட்டணும், அவ்ளோதான். என் மூஞ்சியையும் இது ஒத்துக்காது. என்னையே ரெண்டு தடவ வெளிய தள்ளிடுச்சி.”

ஆனாலும் நல்ல பெண். முயற்சி செய்து பார்க்கலாம் என்று கோவிந்தசாமியை உட்காரவைத்துப் பிடித்தாள். பொருந்தவில்லை. வெளிச்சம் போதவில்லையோ என்று டியூப்லைட்டுக்குக் கீழே, போஸ்டர் இருந்த சுவரோரமாக நிற்கவைத்தாள். டேப்லெட்டைத் தூக்கிப் பிடித்தாள். அந்த நேரம் பார்த்து கோவிந்தசாமியின் வேட்டி நழுவியது. சட்டென்று குனிந்தார். டேப்லெட்டுக்கு எதிரே இப்போது படகில் இருந்த கொளஞ்சி மட்டும்தான். ‘கண்ணைச் சிமிட்டவும்’ என்றது அது. ஜெராக்ஸ் மிஷினைக் குளிரவைக்க வைத்திருந்த ஃபேன் அந்தப் பக்கம் திரும்பி, போஸ்டரை ஒரு தடவை படபடக்க வைத்தது. அது போதுமாக இருந்தது.

டேப்லெட்டில் பச்சை டிக் விழுந்தது. ‘முகம் பொருந்தியது. திரு. கோவிந்தசாமி அவர்களே, நீங்கள் உயிருடன் இருப்பது உறுதி செய்யப்பட்டது. சமர்ப்பிக்கவா?’

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். பிறகு போஸ்டரைப் பார்த்தார்கள். கொளஞ்சிக்கு உருண்டை முகம். கோவிந்தசாமிக்கு நீள முகம், ஒரு சுற்று கறுப்பு வேறு. இருபது வருடத்தில் எந்தச் செக்யூரிட்டியும் இவரை அவர் என்று நினைத்ததில்லை.

“இன்னா அங்கிள் பண்றது?” என்றாள் கயல்விழி.

கொளஞ்சி வாயைத் திறப்பதற்குள் கோவிந்தசாமி வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தார். “குடும்மா. பேரு என்து, காசு என்து, சர்வீஸ் என்து. மூஞ்சி மட்டுந்தான இவன்து. இருந்துட்டுப் போவட்டும்.”

அவள் அழுத்தினாள். பென்ஷன் நாலு நாளில் வந்தது, நின்று போனதும் சேர்த்து. கூடவே ஒரு குறுஞ்செய்தி: ‘உங்கள் அனுபவம் எப்படி இருந்தது? ஸ்டார் கொடுங்கள்.’ கோவிந்தசாமி ஐந்து கொடுத்தார். கேட்டதற்கு, “பயம்தான் மச்சான்” என்றார்.

கொளஞ்சிக்குத்தான் தூக்கம் போயிற்று. பேசாமல் இருக்க முடியாதவர் அவர். ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று கையில் இருந்தது, சொல்ல வழியில்லை. சொன்னால் சந்தியா விசாரிப்பாள். விசாரித்தால் கோவிந்தசாமியின் பென்ஷன் மறுபடி நின்றுவிடும், அந்தப் பெண்ணுக்கும் வம்பு. பேனரையும் போஸ்டரையும் எடுக்கச் சொல்லலாம் என்று நினைத்தார். கோவிந்தசாமி பதறிப்போனார். “வருஷா வருஷம் வேணும் மச்சான் அது. போஸ்டர எடுத்தா நான் செத்துடுவேன்.” ஓய்வு பெற்று மஞ்சக்குப்பத்தில் இருக்கும் இன்னொருவரும் கோவிந்தசாமி வழியாக விஷயம் தெரிந்து, தன் மீசையும் கொளஞ்சியின் மீசை மாதிரிதான் இருக்கும் என்று தயங்கித் தயங்கிப் போன் செய்தார்.

அந்தச் சமயத்தில் ஸ்வர்ணசந்த்யாவின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் கூட்டம் வந்தது. கடலூரில் ஒரு ஓட்டல் ஹாலில், ஏசி போட்டு, மதியச் சாப்பாட்டோடு. கோரல் கலர்ஸின் டைரக்டர் வந்திருந்தார். ராஜ்கமல் பெரிய திரையில் நாலு புள்ளி ஒன்பதைக் காட்டினார். பிறகு, ஒரு ஸ்டாரில் தொடங்கித் தங்கள் குடும்பத்தில் ஒருவராகிவிட்ட மனிதர் என்று சொல்லிக் கொளஞ்சியை மேடைக்குக் கூப்பிட்டார்.

கொளஞ்சி மைக் முன்னால் நின்றார். கேன்டீன் முகங்கள் எல்லாம் வரிசையாக உட்கார்ந்து சாப்பாட்டு வாசனையைக் கவனித்துக்கொண்டிருந்தன. பொய் சொல்லவும் பிடிக்கவில்லை, உண்மை சொல்லவும் முடியவில்லை. நடந்ததைப் பெயர் இல்லாமல் சொன்னார்.

“சந்தியாவுக்கு எல்லாரும் ஒண்ணுதான். வேலையில இருக்கறவன், ரிட்டயர் ஆனவன், படத்துல இருக்கறவன், நேர்ல நிக்கறவன், யாரையும் பிரிச்சிப் பாக்காது. வேற எந்தக் கம்பெனியாலயும் இப்பிடிப் பாக்க முடியாது. இத நான் கேள்விப்பட்டு சொல்லல. என் கண்ணால பாத்தேன்.”

ஹால் கை தட்டியது. டைரக்டர் உருகிப்போய்த் தலையாட்டினார். ராஜ்கமல் போனை எடுத்து ‘எல்லாரும் ஒண்ணுதான்’ என்று அடித்துக்கொண்டிருந்தார். கொளஞ்சிக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. மேடையிலேயே நின்று, சொல்ல வேண்டியதைச் சொல்லாதவன் வாங்கும் கைதட்டல் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டார். இறங்கப் போனவர் மறுபடி மைக்குக்கு வந்தார்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மாசத்துல ஒரு நாளு, நம்ம கேன்டீனுக்கு ஒரு ஆள அனுப்புங்க. மிஷின் வேணாம். பாத்தா ஆள் தெரியற கண்ணு இருக்கணும், கையெழுத்துப் போட அதிகாரம் இருக்கணும். ரிட்டயர் ஆனவங்க வந்து நேர்ல நின்னுட்டுப் போவட்டும்.”

கைதட்டலின் சூட்டில் ராஜ்கமல் “கண்டிப்பா சார்” என்று சொல்லிவிட்டார். அருள்முருகன் எழுந்து சங்கம் இதை வரவேற்கிறது என்றான். சிந்துஜா மினிட்ஸில் எழுதிக்கொண்டாள். ஒப்பந்தம் இன்னும் ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது. சாப்பாட்டில் பாயசம் நன்றாக இருந்தது.

அடுத்த மாதம் ஆள் வரவில்லை. அதற்கடுத்த மாதம் ராஜ்கமல்தான் வந்தார், புது பேனருக்குக் கையெழுத்து வாங்க. அதே படகு, அதே சிரிப்பு, கீழே ‘எல்லாரும் ஒண்ணுதான் – கொளஞ்சி, உறுப்பினர் தூதர்’. கொளஞ்சி அந்தக் காகிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“ஆள் வரட்டும் சார், போடறேன்.”

“சார், அது மேலிடத்துல பிராசஸ்ல இருக்கு சார்.”

“இதுவும் பிராசஸ்ல இருக்கட்டும்.”

ராஜ்கமல் கெஞ்சிப் பார்த்தார். வேறு யாரையாவது வைத்துக்கொள்வோம் என்று மிரட்டியும் பார்த்தார். கொளஞ்சி தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஆனால் அந்த வாக்கியம் மும்பை வரை போய் அங்கே எல்லாருக்கும் பிடித்துப்போயிருந்தது. ஊழியர் வாயால் வந்தது என்று அவர் பெயரோடு போட வேண்டும் என்று உத்தரவு. இரண்டு வாரத்தில் ஆள் வந்துவிட்டார்.

இந்த இடைவெளியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொளஞ்சியும் பவானியும் பிச்சாவரம் போனார்கள். சொந்தக் காசில் டிக்கெட். பவானி படகின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, வெயில் ஜாஸ்தி என்றாள், தண்ணி நாறுகிறது என்றாள், அந்தம்மா எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தா என்று கேட்டுவிட்டு அதற்கு எதிர்ப் பக்கம் உட்கார்ந்தாள். திரும்பும்போது இன்னொரு சுற்று போகலாமா என்றாள். போனார்கள்.

கேன்டீனுக்கு வந்த ஆளின் பெயர் செம்பியன். முப்பது வயதுக்குள் இருக்கும். ரப்பர் ஸ்டாம்பும் இங்க் பேடும் கொண்டுவந்திருந்தார். முதல் திங்கட்கிழமையே ஓய்வு பெற்றவர்கள் இருபது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். கேன்டீனில் அன்று பொங்கலும் வடையும் என்பதும் ஒரு காரணம். சிதம்பரத்திலிருந்து கோவிந்தசாமி முதல் பஸ்ஸில் வந்து முதல் ஆளாக நின்றார். செம்பியன் ஆதாரைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார்.

“நீங்கதான கோவிந்தசாமி?”

“நான்தான்.”

ஸ்டாம்ப் விழுந்தது. கோவிந்தசாமி அதை ஊதி ஊதிக் காயவைத்தார்.

வந்தவர்கள் எல்லாரும் வரிசையில் நின்று சந்தியாவைப் பற்றித் தங்கள் கருத்தைச் சொன்னார்கள். சிலர் சத்தமாக, சிலர் விவரமாக, ஒருவர் செம்பியனின் தாயாரையும் சேர்த்து. அவர் யாரையும் மறுத்துப் பேசவில்லை. “ஆமாங்க”, “வாஸ்தவம்தாங்க” என்று சொல்லிக்கொண்டே ஸ்டாம்ப் குத்தினார். மதியத்துக்கு மேல் கூட்டம் கலைந்தது. அவர் சோர்ந்துபோய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் கொளஞ்சி ஒரு தட்டில் வடையும் டீயும் கொண்டுவந்து வைத்தார்.

“ஒங்க கம்பெனியில ஒங்களுக்கு எப்பிடி சார், பென்ஷன் நல்லா குடுப்பாங்களா?”

செம்பியன் டீயை ஊதினார். “எனக்கெல்லாம் எங்கங்க. நான் வேற ஏஜென்சி மூலமா கான்ட்ராக்ட். பதினோரு மாசத்துக்கு ஒரு தடவ எடுத்துட்டுப் புதுசா போடுவாங்க. பி.எஃப். கூட போன வருஷந்தான் ஆரம்பிச்சாங்க.”

கொளஞ்சிக்கு அதைப் பற்றிச் சொல்ல ஒரு கருத்து வந்தது. நீளமானது, நல்ல காரமானது. எதிரே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். காலையிலிருந்து எல்லார் கருத்தையும் கேட்டுக் கேட்டு அந்த மனிதருக்குக் காதே சிவந்திருந்தது. கருத்தை விழுங்கிவிட்டு, கேன்டீன்காரரைப் பார்த்து இன்னும் இரண்டு வடை கொண்டுவரச் சொன்னார்.